மூன்று புள்ளி ஒன்று ஏழு

கருங்கலில் மினி பஸ் மாறி
முள்ளூர்த்துறைக் குருசடி முன்னால் இறங்கும்போது
டேப்லெட்டில் அறுபத்திரண்டு சதவீதம் சார்ஜ்.
வாக்காளர் பட்டியலைக் குலுக்கிக்
கணினி உதிர்த்த பதினாறு பெயர்கள்.
குடை இல்லை.

பெயருக்குரியவரைத்தான் கேட்க வேண்டும்.
மனைவி சொல்லக்கூடாது, அண்ணன் சொல்லக்கூடாது.
ஆள் தற்காலிகமாக இல்லை என்றால்
இன்னும் இரண்டு முறை வந்து தட்ட வேண்டும்.
பயிற்சியில் இதைச் சொன்னபோது
நான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

முதல் பெயர் கொச்சித் துறைமுகத்தில்.
இரண்டாவது கத்தாரில்.
மூன்றாவது தங்கலுக்குப் போயிருக்கிறது,
வர இருபது நாளாகும், பாடு கிடைத்தால் முன்னாலே.
நான்காவது குளிக்கிறார் என்றார்கள்.
அரைமணி நேரம் கழித்துத் தெரிந்தது,
பின்வாசல் வழியாகக் குளித்துப் போய்விட்டார்.

ஐந்தாவது, மரிய கிளாரட், பெண், நாற்பத்தேழு.
சருவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஈரக்கையோடு வந்து நின்றார்.
நாளைக்கே சட்டமன்றத் தேர்தல் நடந்தால்
நீங்கள் யாருக்கு வாக்களிப்பீர்கள்?

"நாளைக்கா?
நாளைக்கு வேண்டாம் பிள்ளே.
ஆணுங்க ஒருத்தரும் கரையில இல்ல.
வேற நாளு வைக்கச் சொல்லு."

பேச்சுக்குத்தான் அக்கா என்றேன்.

"பேச்சுக்கு எதுக்கு தேர்தலு?"

ஆறு கட்சி, ஒரு நோட்டா, ஒரு தெரியாது.
'மற்றவை'யைத் தொட்டு
வேறு நாள் என்று தட்டச்சு செய்தேன்.
சிவப்பாக ஒளிர்ந்து
செல்லாத பதில் என்றது டேப்லெட்.

ஏழாவது வீட்டில்
வாசலுக்கு வந்த பெண் கேட்டார்,
"அதுல என்ன வயசு போட்டிருக்கு?"
ததேயுஸ், ஆண், ஐம்பத்தொன்று.
விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார்.
"சரிதான். போகும்போ நாப்பத்தி மூணு.
ஒக்கி அடிச்ச அன்னைக்கு.
பேர வெட்டணும்னு ஒரு பேப்பர் கொண்டு வந்தாவ,
நான் ஒப்பு போடல்ல.
அதுலயாவது அவருக்கு வயசாவட்டும்."

இதற்கு வினாத்தாளில் கேள்வி எதுவும் இல்லை.
இருந்தது மூன்று வாய்ப்புகள்:
இடம்பெயர்ந்தார். இறந்தார். தற்காலிகமாக இல்லை.
விரல் இரண்டாவதற்கு மேல் கொஞ்சம் நின்று
மூன்றாவதில் இறங்கியது.

பிறகு மழை. பிறகு ஒரு நாய்.
ஒன்பதாவது பெயர் நான் எந்தக் கட்சி என்று
இருபது நிமிடம் விசாரித்துவிட்டுக்
கட்டன்சாயா தந்து அனுப்பியது.

பதினொன்றாவது, ஜெரோன்ஸ், இருபத்திரண்டு.
வின்ச் கயிறு அறுந்து அடித்ததில்
முழங்கால் வரை மாவுக்கட்டு.
அந்தத் தெருவில் அந்த வயதில்
கரையில் இருந்த ஒரே ஆண்.
மேற்பார்வையாளரை அழைத்தேன்:
சார், இளைஞர்களே கிடைக்கவில்லை.
"கிடைத்தவனை விடாதே.
எடை போட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.
போன சுற்றில் இப்படி ஒருத்தனுக்கு
மூன்று புள்ளி ஒன்று ஏழு வந்தது."

ஸ்பீக்கரில் கேட்டுவிட்டான்.
"எடைன்னா என்ன, சூரை மீனுக்குப் போடுற மாதிரியா?"
இல்லை, இங்கே இல்லாதவர்களுக்கும் சேர்த்து
நீ பேசுவதாகக் கணக்கு.
"அப்ப நான் மூணேகால் ஆளு."
அதைவிடக் கொஞ்சம் குறைவு.
மாவுக்கட்டைப் பார்த்தான்.
"காலுதானே குறைவு."

சிரித்து முடித்தபின் கேள்வியைப் படித்தேன்.
வெகுநேரம் கடல் பக்கமாகப் பார்த்தான்.
கத்தாரையும் கொச்சியையும் கேட்டுவிட்டு வந்தவன்போல
"இன்னும் முடிவு பண்ணல்ல" என்றான்.
மூன்று புள்ளி ஒன்று ஏழு பேர்
இன்னும் முடிவு செய்யவில்லை.

திரும்புகிற பஸ்ஸில்
கருங்கல் வரும்போதுதான் சிக்னல் வந்தது.
பதினாறு வரிகளும் மேலேறிப் போயின,
பச்சை, பச்சை, செல்லாது, பச்சை.
சார்ஜ் நான்கு சதவீதம்.
அணைவதற்குள் நாளைய பட்டியல் இறங்கிவிட்டது.
முதல் வரி:

ததேயுஸ், ஆண், 51.
இரண்டாம் வருகை.
காலை பத்தரை.